துவிச்சக்கர வண்டியில் ஓர் ஆற்றுப்படை

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியர் என்ற முறையில் இலக்கணம் பற்றியோ இலக்கியம் பற்றியோ யாம் எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் வேண்டும். யாமும் அவ்வாறே எண்ணிப் பழைய குறிப்புக்களை எடுத்துத் தூசு தட்டினோம். ஆயின் அன்று மாலை எம் மகள் வீட்டு முற்றத்தில் தன் சிறிய துவிச்சக்கர வண்டியின் பின்சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். எம்மைக் கண்டதும் நிமிர்ந்து, "அப்பா, அடுத்த முறை எங்கை போறம்?" என்று கேட்டாள். அக்கேள்வியே இக்கட்டுரைக்குப் பொருளாயிற்று.

பத்துப்பாட்டிலே ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சார்ந்தவை. ஆறு என்பது வழி. ஒரு வழியிற் சென்று பயன்பெற்று மீண்டவன், அவ்வழியிற் செல்ல இருப்பவனை எதிர்ப்பட்டு, எங்கே தங்கலாம், எங்கே உண்ணலாம், எங்கே இடருண்டு என்று எடுத்துரைப்பது அவ்வகையின் இயல்பு. யாம் பாணரும் அல்லேம், பொருநரும் அல்லேம். யாம் சென்று மீண்ட வழியும் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேற்பட்டதன்று. ஆயினும், பிள்ளையொன்றைத் துவிச்சக்கர வண்டியில் அழைத்துச் சென்று, ஓரிரவு வெளியிலே கூடாரமடித்துத் தங்கி, மறுநாள் வீடு மீள விரும்பும் பெற்றோர்க்கு முதலடி எடுத்துவைக்கும் முறையைச் சொல்லும் அளவுக்கு எமக்கு அனுபவமுண்டு. அவ்வனுபவத்துள் ஒரு தோல்வியும் அடங்கும். அத்தோல்வியையே யாம் முதன்மையாகச் சொல்ல விரும்புகின்றோம்.

யாழ்ப்பாணத்தாருக்குத் துவிச்சக்கர வண்டியின் பெருமையைச் சொல்லுதல் கொல்லன் தெருவில் ஊசி விற்றாற் போலாகும். மலையும் மேடும் இல்லாத நிலம் எமது. மிதித்தால் வண்டி போகும், அவ்வளவே. இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவர் எவரும் கல்லூரியின் சைக்கிள் தரிப்பிடத்தை மறந்திருக்கமாட்டார். ஒரு வண்டியைச் சற்றே தட்டிவிட்டால் வரிசை முழுவதும் சரிந்து வீழும் ஓசையையும், அதன்பின் தொடரும் விசாரணையையும், தட்டியவர் யார் என்று எவருமே காணாத அதிசயத்தையும் அவர் நன்கு அறிவார். 1990களில் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஏனைய அனைத்தையும் துவிச்சக்கர வண்டியே சுமந்தது. விறகும் நெல்லும் அதிலே வந்தன. நோயாளரும் அதிலே சென்றனர். மின்சாரம் இல்லாத அந்நாளிலே, வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்னைக் கொண்டு வானொலியிற் செய்தி கேட்ட தலைமுறை எங்கள் தலைமுறை.

பின்னர் எல்லாரையும் போல யாமும் மோட்டார்ச் சைக்கிளுக்கு மாறினோம். எந்தையார் விட்டுச்சென்ற பழைய வண்டி, பின்வளவுக் கொட்டிலிலே கிடுகுகளுக்குப் பின்னே சாத்திக் கிடந்தது. 2022ஆம் ஆண்டு நாடெங்கும் எரிபொருளுக்குத் தட்டுப்பாடு வந்து, வரிசைகளிலே நாட்கணக்காக நிற்கவேண்டிய நிலை ஏற்பட்டபொழுதே அதை வெளியிலெடுத்தோம். ரயரும் ரியூப்பும் மாற்றி, செயினுக்கு எண்ணெயிட்டு, ஆறு வயது மகளைக் கரியரில் இருத்திப் பள்ளிக்குக் கொண்டு சென்றோம். தட்டுப்பாடு நீங்கியது, பழக்கம் நீங்கவில்லை. அவ்வாண்டு முடியுமுன்பே மகள் தனக்கென ஒரு சிறு வண்டியில் ஓடப் பழகிவிட்டாள். எம் முன்னே நல்லூர் வீதியில் ஓடினாள். பின்னர் கோப்பாய் வரையும் ஓடினாள். கோப்பாய் ஆசிரியர் கலாசாலையிலே பயிற்சி பெற்ற காலத்தில் யாம் நாடோறும் மிதித்த வீதி அது. அவள் பின்னே மெல்ல மிதித்துச் செல்லுகையில்தான், அவ்வீதியில் இத்தனை வேம்புகள் நிற்பதை முதன்முறையாகக் கண்டோம்.

கல்லூரி மைதானத்திலே சாரணர் கூடாரமடித்திருந்ததை ஒரு நாள் கண்ட பின்னர், தானும் ஓரிரவு கூடாரத்தில் உறங்கவேண்டும் என்று மகள் கேட்கத் தொடங்கினாள். வண்டியிற் செல்லவேண்டும், கூடாரத்தில் உறங்கவேண்டும், கடல் அருகில் இருக்கவேண்டும் என்று மூன்று நிபந்தனைகள் விதித்தாள். நண்பர் ஒருவரிடம் இருவர் படுக்கத்தக்க சிறு கூடாரமொன்றை இரவல் பெற்றோம். அதன் கீழே விரிப்பதற்கு ஒரு தறப்பாள் வாங்கி, மணம் போகட்டும் என்று கொடியிலே காயவிட்டோம். அங்கேதான் முதல் இடர் எழுந்தது.

எம் அன்னையார் விறாந்தையில் இருந்து அந்தத் தறப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்திலே எந்தையாரின் வண்டி நின்றது. நெடுநேரம் கழித்து, "தம்பி, உனக்கு வீடில்லையே? இருக்கிற வீட்டை விட்டிட்டுப் பிள்ளையைத் தறப்பாளிலை கிடத்தப் போறியோ?" என்று கேட்டார். அதற்கு எம்மிடம் விடையிருக்கவில்லை.

அவர் கண்முன்னே நின்றது எது என்பதை யாம் அறிவோம். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறிய அன்று, எமக்கு வயது பன்னிரண்டு. எம் தங்கைக்கு ஆறு. வண்ணார்பண்ணையிலிருந்து தென்மராட்சிக்குப் புறப்பட்டோம். அதே வண்டியின் கரியரிலே அரிசியும் துணியும் ஒரு குடமும் கட்டப்பட்டிருந்தன. தங்கை பாரில் இருந்தாள். எந்தையார் ஹான்டிலைப் பிடித்து உருட்டினார். அன்னையாரும் யாமும் இரு பக்கமும் தள்ளினோம். ஏறி மிதிக்க இடமில்லை. கண்டி வீதி முழுவதும் மனிதர். மழையும் பெய்தது. பகலில் ஒரு சிறுவன் அரை மணி நேரத்தில் மிதித்துக் கடக்கக்கூடிய நாவற்குழி வரையுள்ள அத்தூரத்துக்கு எமக்கு ஓரிரவு முழுவதும் சென்றது.

அவ்விரவிலே எம் தங்கை ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். "அப்பா, வீட்டை எப்ப போவம்?" எந்தையாரும் ஒரே விடையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "இன்னும் கொஞ்சத் தூரந்தான், பிள்ளை." எதற்குக் கொஞ்சத் தூரம் என்று அவருக்கும் தெரியாது. ஆறு மாதத்தின் பின்னர், 1996ஆம் ஆண்டிலே, வீடு திரும்பினோம். இடையிலே சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு வளவில், மாமரத்தின் கீழே தறப்பாள் கட்டி வாழ்ந்தோம். ஆகவே அன்னையாருக்கு அது கூடாரம் அன்று. வீடில்லாமையின் பெயர் அது.

அன்னையாரோடு வாதாடாமல் யாம் ஒன்று செய்தோம். கூடாரத்தை வீட்டு முற்றத்திலேயே அடித்தோம். பயணத்துக்குரிய முதற் பாடமும் இதுவே எனப் பின்னர் உணர்ந்தோம். பிள்ளையின் முதலிரவு சொந்த முற்றத்திலே கழிதல் நன்று. கூடாரத்தை அடிக்கவும் மடிக்கவும் அங்கே பழகலாம். எது குறைகின்றது என்பதும் அங்கேயே தெரியவரும். எமக்கு அவ்விரவிலே தெரியவந்தவை மூன்று. தலையணைக்குப் பதிலாக உடுதுணியை மடித்து வைத்தாற் போதும். ரோச் லைற் ஒன்று பிள்ளையின் கையிலேயே இருக்கவேண்டும், தந்தையிடமிருந்து பயனில்லை. நுளம்பு உள்ளே புகுந்தபின் கதவை மூடுதலால் நன்மையில்லை. மகள் விடியும் வரையும் உறங்கினாள். அன்னையார் உறங்கவில்லை என்பதை விறாந்தை விளக்கு அணையாமையால் அறிந்தோம்.

இனி வண்டியைப் பற்றிச் சில சொல்லுவோம். புதிய வண்டி வேண்டியதில்லை. நல்ல பிறேக் வேண்டும். பிள்ளையின் விரல் பிறேக் பிடிக்கு எட்டுகின்றதா, ஆசனத்தில் இருக்கும்பொழுது கால்விரல் நிலத்தைத் தொடுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். எம் வண்டிக்கு 28 அங்குலச் சக்கரம். மகளின் வண்டிக்கு 20 அங்குலச் சக்கரம். பத்துக் கிலோமீற்றர் செல்லுவதற்குப் பெரிய சக்கரம் ஏறத்தாழ 4,500 முறை சுழலும்; சிறிய சக்கரமோ 6,250 முறை சுழலவேண்டும். பெரியோர் தமக்கு எளிதான தூரத்தைப் பிள்ளைக்கும் எளிதென்று எண்ணுதல் இக்கணக்கை மறப்பதனாலேயாம். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு முதற் பயணம் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் போதும். அதற்கும் இளைய பிள்ளையாயின் தந்தையின் வண்டியிலே, பாரிற் பூட்டிய சிறு இருக்கையிலோ கரியரிற் பூட்டிய முதுகுசாய்ந்த இருக்கையிலோ செல்லட்டும். கால் சக்கரத்துக்குள் அகப்படாதிருக்கக் காப்பு இருத்தல் வேண்டும். கைக்குழந்தையை இப்பயணத்துக்குக் கொண்டு செல்லலாகாது. தலைக்கவசம் எல்லார்க்கும் உரியது. தந்தை அணியாத கவசத்தைப் பிள்ளை நெடுநாள் அணியாது.

சுமை முழுவதும் பெரிய வண்டிக்கே உரியது. கனமானவற்றைக் கீழேயும், இரு பக்கமும் ஒத்த நிறையாகவும் கட்டுதல் வேண்டும். ஐந்து லீற்றர் நீர் ஐந்து கிலோ நிறை. அதனை ஒரே பக்கத்தில் தூக்கினால் வண்டி அப்பக்கமே சாயும். ஹான்டிலில் எதையும் தொங்கவிடலாகாது. ஒட்டுப் போடும் பொருளும் காற்றுப் பம்பும் கொள்க. பெரிய சக்கரத்து ரியூப் எந்த ஊர்க் கடையிலும் அகப்படும். சிறிய சக்கரத்துக்குரியது அகப்படாமற் போகலாம். ஆதலின் அதிலொன்றைக் கையில் வைத்திருத்தல் நன்று. வீதியிலே பிள்ளை முன்னேயும், பெரியவர் பின்னே சற்று வலப்புறமாகவும் செல்லுக. பின்னால் வரும் வாகனம் முதலிற் பெரியவரைக் கண்டு விலகிச் செல்லும். வலப்பக்கம் திரும்பவேண்டிய இடத்தில் இருவரும் இறங்கி, உருட்டிக்கொண்டு கடத்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் இன்று ஒழுங்காக எழுதுகின்றோம். முதற் பயணத்திலோ இவற்றுட் பலவற்றைச் செய்யவில்லை. 2024ஆம் ஆண்டு ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமை, வேலணைச் சாட்டிக் கடற்கரைப் பக்கம் செல்லுவதென்று முடிவு செய்தோம். எம்மிடம் படித்த மாணவர் ஒருவருக்கு அங்கே தென்னங்காணியும் வீடும் உண்டு. வளவிலே கூடாரமடிக்க அவர் மனமுவந்து இசைந்தார். விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட எண்ணியிருந்தோம். மூட்டை கட்டி முடிய ஏழு மணியாயிற்று. கட்டியும் அடங்காத பையொன்றை ஹான்டிலிலே தொங்கவிட்டோம். அன்னையார் படலை வரையும் வரவில்லை.

கோட்டையைக் கடந்து பண்ணைத் தாம்போதியில் ஏறியதும் சோளகம் எதிர்ப்பட்டது. ஆவணியிற் சோளகம் வீசும் என்பது எமக்குத் தெரியாததன்று. தெரிந்ததைக் கணக்கிற் கொள்ளாததே பிழை. இரு பக்கமும் பரவைக் கடல். நிழலுக்கு ஒரு மரமில்லை. தென்மேற்கிலிருந்து வந்த காற்று மகளின் சிறு வண்டியை நிறுத்தியே வைத்தது. எம் ஹான்டிலிலே தொங்கிய பை காற்றிலாடி வண்டியை இழுத்தது. தீவகத்துக்குச் செல்லும் பஸ் வண்டியொன்று அருகாற் கடந்தபொழுது மகள் தடுமாறி இறங்கினாள். விழவில்லை, அழவுமில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு, கடலை ஒரு முறையும் எம்மை ஒரு முறையும் பார்த்தாள்.

"அப்பா, வீட்டை போவமா?"

"இன்னும் கொஞ்சத் தூரந்தான், பிள்ளை" என்னும் விடை எம் நாவின் நுனியிலே வந்து நின்றது. ஆசிரியத் தொழிலிலே இருபது ஆண்டு இருந்தவர்க்கு அவ்விடை தானாகவே வரும். முயற்சி, ஊக்கம், விடாமுயற்சி என்று மேற்கொண்டு சொல்லவும் சொற்கள் காத்திருந்தன. ஆயின் அச்சொற்களை எழுப்பிய குரல் எமதன்று, எந்தையாருடையது. நாவற்குழியிலே மழையில் நின்று, வேறு சொல்ல வழியில்லாதவராய் அவர் சொன்ன சொல் அது. அவருக்குத் திரும்ப வழியிருக்கவில்லை; பின்னாலும் மக்கள், முன்னாலும் மக்கள். எமக்கோ பின்னாலே வீதி வெறுமையாகக் கிடந்தது. மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் வீடு இருந்தது. வேறு வழியில்லாதவர் சொன்ன சொல்லை, வழியுள்ள யாம் ஏன் சொல்லவேண்டும்?

"போவம்" என்றோம்.

வண்டிகளைத் திருப்பினோம். அதுவரை எதிர்த்த காற்று இப்பொழுது முதுகைப் பிடித்துத் தள்ளியது. மகள் மிதிப்பதை நிறுத்திக் கால்களைத் தூக்கிக்கொண்டு சென்றாள். சிறிது தூரம் சென்றதும் சிரிக்கத் தொடங்கினாள். கோட்டையடி வந்து சேர்ந்ததும், "இன்னொருக்காப் போயிட்டு வருவமா?" என்றும் கேட்டாள். எட்டு மணிக்கு வீட்டுப் படலையில் நின்றோம்.

அன்னையார் வெளியே வந்து, "ஏன் திரும்பி வந்தனீங்கள்? பிள்ளைக்கு ஏதும் பிழையோ?" என்று பதைத்தார். மகள், "காத்து அப்பம்மா. எனக்கு ஏலாமப் போச்சு. அப்பாட்டைச் சொன்னன், திரும்பி வந்திட்டம்" என்றாள், இது உலகத்தில் மிக எளிய காரியம் என்பதுபோல. அன்னையார் எதுவும் சொல்லவில்லை. இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தேநீர் போட உள்ளே சென்றார். அன்று பின்னேரம், யாம் மூலையில் எறிந்திருந்த தறப்பாளை அவரே எடுத்து, தூசு துடைத்து, நான்காக மடித்து வைத்தார். மடிக்கும்பொழுது, "அடுத்த முறை போகேக்கை சொல்லு தம்பி, பொரிவிளாங்காய் செய்து தாறன்" என்றார்.

அடுத்த முறை 2025ஆம் ஆண்டு மாசி மாதத்து முதற் சனிக்கிழமையிலே வந்தது. மழை ஓய்ந்து, வெயில் முற்றாத காலம் அது. தையும் மாசியும் இப்பயணத்துக்கு ஏற்றவை. காற்றும் அக்காலத்தில் வடகிழக்கிலிருந்து மெல்ல வரும். வெயில் தாழ்ந்தபின், மூன்றரை மணிக்குப் புறப்பட்டோம். ஹான்டிலில் எதுவும் தொங்கவில்லை. புறப்படுமுன் மகளோடு ஓர் உடன்படிக்கை செய்தோம். எந்த இடத்திலும், எந்த நேரத்திலும், அவள் "வீட்டை போவம்" என்றால் திரும்புவது; ஏன் என்று கேட்பதில்லை. இருட்டியபின்னும் அது செல்லுமாறு, இருவரையும் வண்டிகளோடு ஏற்றி வரத்தக்க ஒருவரை முன்கூட்டியே ஒழுங்கு செய்து, அவருடைய தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொண்டோம். அன்னையார் இம்முறை படலைக்கு வெளியே வந்து நின்றார்.

இரண்டு மூன்று கிலோமீற்றருக்கு ஒரு முறை இறங்கி இளைப்பாறினோம். தாம்போதியின் நடுவில், முன்னர் திரும்பிய இடத்தில், மகள் தானாகவே நிறுத்தினாள். அங்கே நின்று ஆளுக்கொரு பொரிவிளாங்காய் உண்டோம். கடிப்பதற்கு அது கடினம். வழிப்பயணத்துக்கு அதைவிடச் சிறந்த உணவில்லை. பரவைக் கடலில் மீன்பிடிகாரர் இடுப்பளவு நீரில் நின்றனர். அல்லைப்பிட்டியைக் கடந்து, மண்கும்பான் பிள்ளையார் கோயிலடியிலே மீண்டும் இளைப்பாறி, ஆறு மணிக்குச் சற்று முன்னே தென்னங்காணியை அடைந்தோம்.

இடம் தெரிவதிற் கவனிக்கவேண்டியவற்றை இங்கே சொல்லிவிடுவோம். வெறுங் கடற்கரையிலோ, ஆளில்லாத வளவிலோ பிள்ளையோடு தங்கலாகாது. அறிந்தவர் வளவு, கோயில் மடம், பாடசாலை போன்ற, உரியவரின் இசைவு பெற்ற இடமே தக்கது. கிணறும் மலசலகூடமும் அருகிலிருத்தல் வேண்டும். தீவகத்திற் பல கிணறுகள் உவர்நீருடையவை. குடிநீரைக் கையோடு கொண்டு செல்லுக. தென்னைக்கு நேர் கீழே கூடாரம் அடிக்கலாகாது. தேங்காயும் ஓலையும் விழும். வெளியே இறங்குகையில் செருப்பும் ரோச் லைற்றும் மறவற்க. முதற் பயணத்தில் அடுப்பு மூட்டவேண்டாம். வாட்டிய வாழையிலையிற் கட்டிய புளிச்சோறும், ஒரு துண்டு பனங்கட்டியும் இருவருக்கும் போதியன. எஞ்சிய இலையையும் கடதாசியையும் வீட்டுக்கே கொண்டு வருக. தங்கிய இடத்திலே எம் அடையாளமாக எதுவும் கிடக்கலாகாது.

இருட்டியது. தென்னோலைகளின் சலசலப்பும் அப்பாலே கடலின் ஓசையும் கேட்டன. எங்கோ ஒரு நாய் குரைத்தது. ஒன்பது மணியளவில் தேய்பிறை நிலவு எழுந்து, ஓலைகளின் நிழல் கூடாரத்தின் மேலே ஆடியது. மகள் உறங்கவில்லை. எம் கையைப் பிடித்துக்கொண்டு, தணிந்த குரலிலே கேட்டாள்:

"அப்பா, இப்ப வீட்டை போக வேணுமெண்டால் போகலாமோ?"

"போகலாம் பிள்ளை. ஆயத்தமாத்தான் இருக்கிறம்."

சிறிது நேரம் எண்ணிப் பார்த்தாள். "அப்ப நாளைக்கே போவம்" என்றாள். மறு நிமிடம் உறங்கிவிட்டாள்.

யாம் நெடுநேரம் விழித்திருந்தோம். முப்பது ஆண்டுகளாக எம் நெஞ்சிற் கிடந்த ஒன்று அப்பொழுது தெளிவாயிற்று. 1995இலே எமக்கு இடர் தந்தவை மழையும் நடையும் வெட்டவெளியும் மட்டும் அல்ல. அவற்றைச் சிறுவர் பொறுப்பர், விளையாட்டாகவும் கொள்வர். திரும்பலாமோ என்ற கேள்விக்கு விடையில்லாமையே தாங்க முடியாததாயிற்று. அதே வண்டி, ஏறத்தாழ அதே சுமை, அதே வயதை ஒத்த ஒரு பிள்ளை, வேறுபாடு ஒன்றே. திரும்ப வழியுண்டு என்று அறிந்த பிள்ளை தங்கத் துணிகின்றது. ஆதலாற் பிள்ளையைப் பயணத்துக்குப் பழக்குவோர், முன்னே செல்லப் பழக்குமுன் திரும்பப் பழக்குதல் வேண்டும். முதன்முறை பாதி வழியிலே திரும்ப நேர்ந்தால் அதனைத் தோல்வி என்று எண்ணவேண்டாம். தன் சொல்லைப் பெற்றோர் கேட்பர் என்று பிள்ளை அறிந்துகொண்ட நாள் அது. அந்த அறிவு இல்லாமல் எத்தனை கிலோமீற்றர் சென்றாலும் அது பயணமன்று, இழுத்துச் செல்லப்படுதலே.

மறுநாள் விடியற்காலை, பனியில் நனைந்த கூடாரத்தை உதறி மடித்து, ஆறு மணிக்குப் புறப்பட்டோம். காலையிற் காற்று எழுமுன் தாம்போதியைக் கடந்துவிடுதல் வேண்டும் என்பதை இம்முறை மறக்கவில்லை. எட்டு மணிக்கு முன்னரே வீடு வந்தோம். அன்னையார் மகளின் கால்களைப் பிடித்துப் பார்த்தார். நுளம்பு கடித்த இடங்களை எண்ணினார். பின்னர், "நித்திரை கொண்டியோ?" என்று கேட்டார். "ஓம் அப்பம்மா" என்றாள் மகள். அன்னையார் எம் பக்கம் திரும்பி, "நானும் கொண்டனான்" என்றார்.

அன்றிரவு நாவற்குழிப் பாலத்தைக் கடந்த எம் வகுப்பு மாணவருட் பலர் இன்று கடல் கடந்த நாடுகளிலே வாழ்கின்றனர். எம் தங்கையும் அவ்வாறே. விழாவை முன்னிட்டு ஊருக்கு வரும் பழைய மாணவர் சிலர், பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது என்று எம்மைக் கேட்பதுண்டு. அவர்களுக்கு யாம் சொல்லும் ஆற்றுப்படை இதுவே: உறவினர் வீட்டிலே இரு வண்டிகளை இரவல் கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்தபின் பிள்ளையை முன்னே விட்டு, நீங்கள் பின்னே சற்று வலப்புறமாக, கோட்டையைக் கடந்து பண்ணைத் தாம்போதி வரையும் செல்லுங்கள். கூடாரம் இப்பொழுது வேண்டாம். அது அடுத்த முறைக்கு இருக்கட்டும். பிள்ளை நின்று, வீட்டுக்குப் போவோமா என்று கேட்கும் இடத்தில் நில்லுங்கள்.

நின்று, "போவம்" என்று சொல்லுங்கள்.